"19ம் நூற்றாண்டுல இருந்தே ஒரே குடும்பத்துல"ன்னு போட்டா நம்பலாமா? ரோமானிய சிலைக்கு வில்லங்கம் பாக்குற கதை

கேள்வி இதுதான்: ஐரோப்பால ஒரு ஏல கேட்லாக்ல ரோமானிய பளிங்குத் தலை ஒண்ணு வந்திருக்கு, கீழ "தனியார் கலெக்ஷன், 19ம் நூற்றாண்டு கடைசில இருந்தே ஒரே குடும்பத்துல இருக்கு"ன்னு ஒத்த வரி போட்டிருக்கு, இத நம்பலாமா, அதுக்கு முன்னாடி யார் யார் கையில இருந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

நேரா சொல்லிடுறேன், அந்த வரிய மட்டும் வெச்சு நம்பாதீங்க. அது பொய்னு நான் சொல்லல, உண்மையா கூட இருக்கலாம். ஆனா அது விக்கிறவங்க குடுக்குற வாக்குமூலம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அரை கிரவுண்டு நிலம் வாங்கினாலே தாய்ப்பத்திரம் எங்கன்னு கேக்குறோம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு பாக்குறோம், நடுவுல ஒரு பத்திரம் காணோம்னா வக்கீல் ஒத்துக்க மாட்டார். சிலைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் கிடையாது. இந்த தலை இந்த தேதில இன்னார் இன்னாருக்கு கைமாத்திக் குடுத்தார்னு அரசாங்க புக்குல எங்கயும் எழுதி வைக்கல. அதனால வேற சாட்சிகள தேடணும், கல்லே ஒரு சாட்சி, பழைய ஃபோட்டோ ஒரு சாட்சி, பழைய கேட்லாக், ஓவியம், கப்பல் ரசீது, தோண்டின இடத்துல மிச்சம் கிடக்குற பீடம், இப்படி. இத எல்லாம் சேத்து கட்டுற சங்கிலிக்கு பேர்தான் ப்ரொவனன்ஸ்.

உங்க கேள்விய படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ட்ரூசஸ் தலைதான், ஏன்னா நீங்க சொன்ன அதே மாதிரி வரிதான் அதுக்கும் இருந்துச்சு. ட்ரூசஸ்ங்கிறது ரோமானிய பேரரசர் டைபீரியஸோட மகன், கி.பி. 23ல செத்துப்போனவர். அவரோட பளிங்குத் தலை ஒண்ண அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் மியூசியம் 2012ல வாங்குச்சு. அதுக்கு குடுத்த வரலாறு என்னன்னா, 19ம் நூற்றாண்டு கடைசில இருந்து அல்ஜீரியால ஒரு குடும்பத்துகிட்ட இருந்துச்சு, 1960ல அங்க இருந்து பிரான்ஸ்ல மார்செய்க்கு கொண்டு வந்தாங்க, 2004ல பாரிஸ்ல ஏலத்துக்கு வந்துச்சு, அவ்வளவுதான்.

இப்ப இந்த கதை எவ்வளவு நல்லா பொருந்துதுன்னு பாருங்க. அல்ஜீரியால ரோமானிய ஊர்கள் நிறைய, டிம்காட், ஜெமிலா மாதிரி முழு நகரமே இன்னைக்கும் நிக்குது, அதனால அங்க ஒரு குடும்பத்துகிட்ட ரோமானிய தலை இருந்தா யாருக்கும் சந்தேகம் வராது. 1962ல அல்ஜீரியா பிரான்ஸ்கிட்ட இருந்து சுதந்திரம் வாங்குது, அதுக்கு முன்னாடி பின்னாடி லட்சக்கணக்கான ஐரோப்பிய குடும்பங்க மூட்டை கட்டிட்டு மார்செய்க்கு கப்பல் ஏறினாங்க, அதுல ஒரு குடும்பம் ஒரு பளிங்குத் தலைய எடுத்துட்டு வந்துச்சுன்னா நம்பத்தான் தோணும். அதைவிட முக்கியம் அந்த 1960ங்கிற வருஷம். ஏன்னா 1970ல யுனெஸ்கோ ஒப்பந்தம் ஒண்ணு வந்துச்சு, கலைப்பொருள் கடத்தல தடுக்க, அமெரிக்க மியூசியம் டைரக்டர்கள் சங்கம் 2008ல அந்த 1970ஐயே கோடா வெச்சுக்கிட்டாங்க, பொருள் அதுக்கு முன்னாடியே தோண்டின நாட்ட விட்டு வெளிய வந்ததுக்கு ஆதாரம் இருந்தா வாங்கலாம், இல்லன்னா பொதுவா வேண்டாம்னு. அதனால 1970க்கு பத்து வருஷம் முன்னாடி ஒரு தேதி காட்டினா கதவு தானா திறந்துடும். வாங்கின அந்த வருஷமே ஆராய்ச்சியாளர்கள் சில பேர் இந்த வரலாறு ரொம்ப மெலிசா இருக்கேன்னு வெளிப்படையா எழுதினாங்க.

உடைஞ்சது எங்கன்னா, ஒரு பழைய ஃபோட்டோல. இத்தாலில நேப்பிள்ஸுக்கு வடக்க செஸ்ஸா அவுருன்கான்னு ஒரு சின்ன ஊர். அங்க இருக்குற ரோமானிய நாடக அரங்கத்த 1920கள் நடுவுல தோண்டினப்போ டைபீரியஸ் தலையும் கிடைச்சுச்சு, அவர் மகன் ட்ரூசஸ் தலையும் கிடைச்சுச்சு. ரெண்டையும் உள்ளூர் மியூசியத்துல வெச்சாங்க, ஃபோட்டோவும் எடுத்தாங்க. 1944ல போர் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல ட்ரூசஸ் தலை காணாம போச்சு. அந்த பக்கம் கரில்யானோ ஆத்தங்கரைல சண்டை போட்ட பிரெஞ்சு படைல வட ஆப்பிரிக்கா வீரர்கள் நிறைய பேர் இருந்தாங்க, அவங்க வழியா அல்ஜீரியா போயிருக்கலாம்னு ஒரு ஊகம் இருக்கு. எழுபது வருஷம் கழிச்சு இத்தாலிய ஆராய்ச்சியாளர் ஒருத்தர் அந்த அகழாய்வு ஃபோட்டோக்கள எடுத்து ஆராய்ஞ்சு கட்டுரை எழுத, கிளீவ்லாண்ட் தலையும் அந்த ஃபோட்டோல இருக்குற தலையும் ஒண்ணேதான்னு தெரிஞ்சுபோச்சு. கோர்ட்டு கேஸுன்னு இழுக்காம மியூசியம் 2017 ஏப்ரல்ல திருப்பிக் குடுக்குறதா அறிவிச்சுது, அத நான் மதிக்கிறேன்.

இங்க கவனிக்க வேண்டியது, அல்ஜீரியாங்கிறது முழுப்பொய்யா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. 1944க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் உண்மையிலயே அங்க இருந்திருக்கலாம். "19ம் நூற்றாண்டு கடைசில இருந்து"ங்கிற நாலு வார்த்தைதான் இருக்கவே முடியாது, ஏன்னா அப்போ அந்த தலை இத்தாலில மண்ணுக்கு அடில கிடக்குது. அதனால ஒரு வரலாற பாக்கும்போது மொத்தமா உண்மையா பொய்யான்னு கேக்காதீங்க, ஒவ்வொரு கண்ணியா தனித்தனியா பிடிச்சு, இதுக்கு என்ன காகிதம் இருக்கு, அந்த காகிதம் அந்த காலத்துலயே எழுதினதா, இல்ல விக்கிறதுக்காக இப்ப எழுதி வாங்கினதான்னு கேளுங்க. 2004ல ஒரு பேரன் "எங்க தாத்தா வீட்ல பாத்திருக்கேன்"னு கையெழுத்து போட்டு குடுக்குறது 2004ம் வருஷத்து காகிதம்தான், 1890ம் வருஷத்து காகிதம் ஆகாது.

இதுக்கு நேர் எதிரா, காகிதமே இல்லாம வந்த ஒரு சிலைக்கு வீடு கண்டுபிடிச்ச கதையும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கதை அது. 2018 ஆகஸ்ட்ல அமெரிக்கால டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின்ல, பழைய சாமான் விக்கிற குட்வில் கடைல ஒரு மேஜைக்கு அடில மார்பளவு பளிங்கு சிலை ஒண்ணு கிடந்துச்சு, கன்னத்துல மஞ்சள் கலர் விலை ஸ்டிக்கர், 34.99 டாலர். பழைய பொருள் வாங்கி விக்கிற ஒரு பெண் அத வாங்கி கார் சீட்டுல உக்கார வெச்சு பெல்ட் போட்டு வீட்டுக்கு கொண்டு போனாங்க, இருபத்தஞ்சு கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. பாக்க நிஜமாவே பழசா இருக்கேன்னு பெரிய ஏல கம்பெனிகளுக்கு ஃபோட்டோ அனுப்பினாங்க. ஒரு கம்பெனி இது ரோமானியதுதான், சுமார் ரெண்டாயிரம் வருஷம் பழசுன்னு சொல்லுச்சு. இன்னொரு கம்பெனியோட ஆலோசகர் ஒருத்தர்தான் இது எந்த இடத்து சிலைன்னே அடையாளம் கண்டுபிடிச்சார்.

எங்கன்னா, ஜெர்மனில பவேரியா பகுதில அஷ்ஷாஃபன்புர்க்னு ஒரு ஊர், மைன் ஆத்தங்கரைல. பவேரியா ராஜா முதலாம் லுட்விக் 1840கள்ல அங்க ஒரு மாளிகை கட்டினார், பாம்பேய்ங்கிற பழைய ரோமானிய நகரத்துல தோண்டி எடுத்த காஸ்டர் போலக்ஸ் வீட்ட அப்படியே மாதிரியா வெச்சு, அதுக்கு வெச்ச பேர் "பாம்பேயானும்". குடியிருக்க கட்டல, ரோமானியங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு ஜனங்க வந்து பாத்து தெரிஞ்சுக்கட்டும்னு கட்டினது. அந்த மாளிகைக்குள்ள 1930கள்ல எடுத்த ஃபோட்டோ இருக்கு, அதுல இந்த சிலை இருக்கு. ரெண்டாம் உலகப்போர் கடைசில குண்டுவீச்சுல மாளிகை நொறுங்கிப்போச்சு, சிலைகள் சிலது காணாம போச்சு. போர் முடிஞ்சு பல வருஷம் அந்த ஊர்ல அமெரிக்க படை முகாம் இருந்துச்சு, அதனால ஒரு படைவீரர் வழியா டெக்சாஸ் வந்திருக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளிய வரல.

சட்டப்படி என்ன ஆகும்னு பாத்தா, பவேரியா அரசு அத வித்ததே கிடையாது, யாருக்கும் எழுதிக் குடுத்ததும் கிடையாது. திருடுபோன பொருள எத்தன கை மாறினாலும், கடைசில வாங்கினவங்க ஒண்ணும் தெரியாம காசு குடுத்து வாங்கியிருந்தாலும், அமெரிக்க சட்டத்துல திருடன்கிட்ட இல்லாத உரிமைய அவன் அடுத்தவங்களுக்கு குடுக்க முடியாது. (ஐரோப்பால பல நாட்டுல அப்படி இல்ல, நல்லெண்ணத்தோட வாங்கினவருக்கு பாதுகாப்பு உண்டு, அதனாலதான் பழைய காலத்துல பல பொருட்கள் சுவிட்சர்லாந்து வழியா போய் வந்துச்சு, அங்க முன்னாடி அஞ்சு வருஷம் தாண்டினா சொந்தக்காரர் கேக்க முடியாது, 2005ல சட்டத்த மாத்தி கலாச்சாரப் பொருளுக்கு அத முப்பது வருஷமாக்கினாங்க.) வாங்கினவங்க வக்கீல் வெச்சு பேசி பவேரியா அரண்மனை நிர்வாகத்தோட ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க, ஒரு வருஷம் சான் அன்டோனியோ கலை மியூசியத்துல டெக்சாஸ் ஜனங்க பாக்குறதுக்கு வெச்சாங்க, 2023ல ஜெர்மனிக்கு போயிடுச்சு. அந்த முகம் யாரோடதுன்னு மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரல, மூத்த ட்ரூசஸ்னு ஒரு கருத்து (முன்னாடி சொன்ன ட்ரூசஸ் இல்ல, டைபீரியஸோட தம்பி), பாம்பேயஸ்ங்கிற ரோமானிய தளபதியோட மகன் செக்ஸ்டஸ்னு ஒரு கருத்து. பாருங்க, யார் முகம்னு தெரியாமலே யாருக்கு சொந்தம்னு தெளிவா சொல்ல முடியுது. ரெண்டும் வேற வேற கேள்வி, நிறைய பேர் இதப்போட்டு குழப்பிக்கிறாங்க.

சரி, நடைமுறைல எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னா, காகிதத்துல இருந்து இல்ல, கல்லுல இருந்து. சிலைய முன்னாடி நின்னு பாத்தா அழகுதான் தெரியும், பின்னாடியும் அடிலயும் பாத்தாதான் வாழ்க்கை தெரியும். மண்ணுக்குள்ள கிடந்த பளிங்குல செடி வேர் ஓடின தடம் மெல்லிசா கோடு கோடா இருக்கும், சுண்ணாம்பு படிவு இருக்கும். அது அப்படியே இருக்குன்னா ரொம்ப நாள் யாரோட ஹால்லயும் இருந்ததில்லன்னு ஒரு சந்தேகம் வரணும், ஏன்னா 17, 18ம் நூற்றாண்டுல ரோம்ல கிடைச்ச சிலைய அப்படியே விக்க மாட்டாங்க, மேல் தோல ஆசிட் போட்டு கழுவி, தேய்ச்சு பாலிஷ் பண்ணி, உடைஞ்ச மூக்கு, காது, விரல் எல்லாத்தையும் புது பளிங்குல செஞ்சு ஒட்டி, கீழ உருண்டையான ஒரு பீடம் வெச்சுதான் விப்பாங்க. அதனால ஒட்டுப்போட்ட மூக்கு, அந்த மூக்கு விழுந்து போயிருந்தா ஒட்டுறதுக்காக சமமா வெட்டின தளமும் ஆணி அடிச்ச ஓட்டையும், இதெல்லாம் பழைய கலெக்ஷன்ல இருந்ததுக்கு நல்ல அடையாளம். "18ம் நூற்றாண்டுல இருந்து ஐரோப்பிய பிரபு வீட்ல"ன்னு கேட்லாக் சொல்லும், ஆனா தலைல ஒரு ஒட்டு கூட இல்ல, உடைஞ்ச விளிம்பு நேத்து உடைஞ்ச மாதிரி கூர்மையா இருக்கு, காது மடிப்புல செம்மண் ஒட்டியிருக்கு, அப்படின்னா ரெண்டும் சேரல. பழைய கலெக்ஷன்கள்ல அடில பெயிண்ட்ல நம்பர் எழுதியிருப்பாங்க, பீடத்துல செதுக்கியிருப்பாங்க, அந்த நம்பர் பழைய சொத்துப்பட்டியல்ல இருந்தா அது தங்கம் மாதிரி.

அப்புறம்தான் புத்தகமும் படமும். ரோம்ல யார் வீட்ல என்ன சிலை இருக்குன்னு 1550 வாக்குலயே அல்ட்ரோவாண்டின்னு ஒரு இத்தாலிய அறிஞர் வீடு வீடா போய் எழுதி வெச்சிருக்கார், 1556ல அச்சாச்சு. இங்கிலாந்து பிரபுக்கள் மாளிகைல இருந்த பளிங்கு சிலைகள மிஹாயேலிஸ்னு ஒரு ஜெர்மன் பேராசிரியர் 1882ல மொத்தமா பட்டியல் போட்டார், இன்னைக்கும் இங்கிலாந்துல இருந்து வந்த சிலைன்னா முதல்ல அதுலதான் தேடுவாங்க. கொலோன் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட அராக்னே டேட்டாபேஸ்ல பழைய கறுப்பு வெள்ளை ஃபோட்டோக்கள் எக்கச்சக்கமா இருக்கு, யார் வேணா வீட்ல உக்காந்தே பாக்கலாம்.

ஆனா இங்க ஒரு பெரிய குழி இருக்கு, புதுசா தேடுறவங்க நிச்சயமா விழுவாங்க. ரோமானியங்க ஒரே சிலைய பல காப்பி எடுப்பாங்க. கிரேக்கத்துல பேர் வாங்கின ஒரு ஹெர்குலஸ், ஒரு வீனஸ்னா, அதே நிலைல, அதே கை மடக்குல, நூறு வருஷமா எரநூறு வருஷமா செதுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. பேரரசர் முகமும் அப்படிதான், ஒரு மாதிரி வடிவம் தலைநகர்ல இருந்து போகும், அத பாத்து மாகாணம் பூரா செதுக்குவாங்க, நெத்தில முடி எப்படி விழுதுங்கிறது வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். அதனால 1750ல வரைஞ்ச ஒரு படத்துல "ஒரு வீனஸ்" இருக்குன்னா அது உங்க வீனஸ் ஆகிடாது, அந்த வரைபடத்த காட்டி "ஆஹா, ரோம்ல பர்பெரினி குடும்பத்து அரண்மனைல இருந்தது"ன்னு ஒட்ட வெக்கிறது சுலபம். முகம் பொருந்துறத பாக்காதீங்க, உடைப்பு பொருந்துதான்னு பாருங்க. செதுக்கினது ஒரே மாதிரி இருக்கலாம், ரெண்டு சிலை ஒரே மாதிரி உடையாது. இடது புருவத்துல ஒரு சில்லு, கழுத்துல சாய்வா ஒரு விரிசல், பளிங்குல ஓடுற சாம்பல் நரம்பு, இதுதான் கைரேகை. அதனாலதான் வரைபடத்த விட ஃபோட்டோ ஆயிரம் மடங்கு மேல், வரையுறவர் பல நேரம் உடைஞ்ச கைய தானே முழுசாக்கி வரைஞ்சுடுவார்.

பர்பெரினின்னு சொன்னதும் அவங்ககிட்ட நிஜமாவே இருந்த ஒரு வீனஸ் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா சங்கிலி முழுசா இருந்தா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு அது நல்ல உதாரணம். ரோம்ல பர்பெரினி குடும்பத்துகிட்ட இருந்து காவின் ஹாமில்டன்னு ஒரு ஸ்காட்லாந்து ஓவியர் வாங்குறார், அவர்கிட்ட இருந்து தாமஸ் ஜென்கின்ஸ்னு ஒரு ஆங்கில வியாபாரி, அவர் 1765 வாக்குல வில்லியம் வெடல்ங்கிற இளைஞருக்கு விக்கிறார், அவர் யார்க்ஷயர்ல நியூபி ஹால்னு தன்னோட வீட்ல சிலைகளுக்குன்னே தனியா ஒரு கூடம் கட்டி வெக்கிறார், அங்கயே எரநூறு வருஷத்துக்கு மேல இருக்கு, 2002ல லண்டன் ஏலத்துல 79 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு, கத்தார் ஷேக் ஒருத்தர் வாங்கினார். வித்த காலத்து கடிதம், வீட்டு ரெக்கார்டு, பயணிங்க எழுதின குறிப்பு, எல்லாம் இருக்கு. ஆனா இதுல கூட ஒரு சிக்கல், ஹாமில்டன் வாங்கும்போது உடம்புக்கு தலை இல்ல, வேற ஒரு சிலையோட பழைய தலைய கொண்டு வந்து ஒட்டியிருக்காங்க. அப்ப ஒரே சிலைக்கு ரெண்டு வரலாறு, உடம்பு வந்த வழி வேற, தலை வந்த வழி வேற, தலை எங்க இருந்து வந்துச்சுன்னு பர்பெரினி பட்டியல்ல தேடினா கிடைக்காது. உங்க கேஸுலயும் வெறும் தலைதான்ங்கிறதால இத மனசுல வெச்சுக்கோங்க, அந்த தலைக்கு எங்கயாவது ஒரு உடம்பு இருக்கலாம்.

உடம்பு இருந்த கதைதான் "களைத்த ஹெர்குலஸ்". துருக்கில பெர்கே நகரத்துல 1980ல ஹெர்குலஸ் சிலையோட இடுப்புக்கு கீழ் பாதி கிடைச்சுது, தோண்டினவங்க ஜாலே இனான், துருக்கியோட முதல் பெண் தொல்லியல் அறிஞர்னு சொல்றவங்க. மேல் பாதி 1981ல அமெரிக்கால இருக்கு, பாஸ்டன் நுண்கலை மியூசியமும் ஒரு தனியார் சேகரிப்பாளரும் சேர்ந்து வாங்கியிருக்காங்க. அதுக்கு சொன்ன வரலாறு, வித்த டீலரோட அம்மாகிட்ட இருந்தது, 1950 வாக்குல ஜெர்மனில வாங்கினது. அங்க தாத்தா, இங்க அம்மா! 1990ல நியூயார்க் கண்காட்சில அந்த மேல் பாதிய பாத்தப்போதான் இது பெர்கே கால்களோட மேல் பாதி மாதிரி இருக்கேன்னு பேச்சு கிளம்புச்சு. 1992ல ரெண்டு பாதிக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தாங்க, கச்சிதமா உக்காந்துச்சு. அதுக்கு அப்புறமும் பத்தொன்பது வருஷம் ஆச்சு திரும்ப வர, 2011 செப்டம்பர்லதான் துருக்கிக்கு போச்சு, அங்க அன்டால்யா மியூசியத்துல ரெண்டு பாதியையும் சேத்து ஒரே ஹெர்குலஸா நிக்க வெச்சாங்க. பத்தொன்பது வருஷம் அந்த ரெண்டு பாதியும் ரெண்டு கண்டத்துல கிடந்தத நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு, ஏன்னா கல்லு அன்னைக்கே சாட்சி சொல்லிடுச்சு.

ஃபோட்டோவும் இல்ல, மறுபாதியும் இல்லன்னா? அப்பவும் வழி இருக்கு. துருக்கிலயே பூபோன்னு ஒரு பழைய ஊர், இபெஜிக் கிராமத்துக்கு பக்கத்துல. அங்க ரோமானிய பேரரசர்களுக்கு ஒரு கோயில் மாதிரி இடம், உள்ள வரிசையா வெண்கல சிலைகள். 1960கள்ல கிராமத்து ஜனங்க தோண்டி எடுத்து வித்துட்டாங்க, ஆனா கல் பீடங்கள் அங்கயே நின்னு போச்சு, ஒவ்வொண்ணுலயும் பேரரசர் பேர் செதுக்கியிருக்கு. இங்கயும் ஜாலே இனான்தான் வந்து எந்த பீடத்துல எந்த சிலை நின்னிருக்கும்னு ஆராய்ஞ்சாங்க. மார்கஸ் அவுரேலியஸ் பேர் போட்ட பீடம் காலியா இருந்துச்சு. அதே கிளீவ்லாண்ட் மியூசியத்துல, 1986ல 18 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கின, ஆளுயரத்துக்கும் மேல தலையில்லாத ஒரு வெண்கல சிலை இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல நியூயார்க் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞரோட தொல்பொருள் கடத்தல் பிரிவு அத பறிமுதல் பண்றதா ஆர்டர் வாங்குச்சு (நம்ம ஊர் கோயில் சிலைகள் கேஸுல சுபாஷ் கபூர் மேல நியூயார்க்ல குற்றப்பத்திரிகை போட்டதும் இதே பிரிவுதான்). மியூசியம் ஒத்துக்காம கோர்ட்டுக்கு போச்சு, இது பூபோன்ல இருந்து வந்ததுன்னு நிரூபிக்கப்படலன்னு. அப்புறம் ரெண்டு பக்கமும் சேர்ந்து பரிசோதனைக்கு விட்டாங்க, சிலைக்குள்ள ஒட்டியிருந்த மண்ணு, பாதத்துல பீடத்தோட பிணைக்க ஊத்தின ஈயம், கால் பதிஞ்ச இடத்தோட அளவு, எல்லாத்தையும் பூபோன்ல இருக்குறதோட ஒப்பிட்டாங்க. ஒத்துப்போச்சு. 2025 பிப்ரவரில மியூசியம் வழக்க வாபஸ் வாங்குச்சு, ஜூலைல சிலை துருக்கிக்கு திரும்புச்சு.

இன்னொரு விஷயம், காகிதமே இருந்தாலும் காகிதத்தையும் விசாரிக்கணும். இது ரோமானியது இல்ல, அமெரிக்கால "கெட்டி"ங்கிற மியூசியத்துல பழைய கிரேக்க பாணில இருக்குற ஒரு இளைஞன் சிலை, ஆனா பாடம் ஒண்ணுதான். 1985ல அத வாங்கினப்போ கூடவே ஆதாரக் கடிதங்கள் வந்துச்சு. 1952னு தேதி போட்ட கடிதத்துல ஒரு தபால் குறியீட்டு எண் இருந்துச்சு, அந்த எண்ணே 1972லதான் புழக்கத்துக்கு வந்துச்சு. 1955னு போட்ட இன்னொரு கடிதத்துல ஒரு பேங்க் அக்கவுண்ட் நம்பர், அந்த அக்கவுண்ட் 1963லதான் திறந்திருக்காங்க. முழுக்க ஜோடிச்சது. அந்த சிலையே உண்மையா போலியான்னு வருஷக்கணக்கா சண்டை போனது தனி கதை. அதே மாதிரி 1995ல ஜெனிவால ஜாக்கமோ மெடிச்சிங்கிற தொல்பொருள் வியாபாரியோட கிடங்குல போலீஸ் நுழைஞ்சப்போ ஆயிரக்கணக்கான ஃபோட்டோ கிடைச்சுது, அதுல நிறைய போலராய்டு (எடுத்த உடனே கேமராவுலயே அச்சாகி வர்ற ஃபோட்டோ), பானையும் சிலையும் மண்ணு ஒட்டின மேனிக்கு இருக்கும். அந்த சதுர வெள்ளை ஓரம் வெச்ச எஸ்எக்ஸ்-70 ஃபிலிமே 1972லதான் விற்பனைக்கு வந்துச்சு, அப்ப மண்ணோட அதுல பதிவான ஒரு பொருள் "1920ல இருந்து எங்க வீட்ல"ன்னு வந்து நின்னா என்ன சொல்ல முடியும்?

இப்ப உங்க கேட்லாக்குக்கு வரேன். ஏல கம்பெனிக்கு மெயில் போடுங்க, மரியாதையா கேட்டா பதில் சொல்லுவாங்க. குடும்பத்து பேர சொல்ல மாட்டாங்க, பரவாயில்ல, அத வற்புறுத்தாதீங்க. கேக்க வேண்டியது, 1970க்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ இருக்கா, அந்த தலை ஜன்னலோரமா எங்கயாவது ஒரு மூலைல தெரிஞ்சா கூட போதும். இன்சூரன்ஸ் பேப்பர், பாகப்பிரிவினை பட்டியல், நோட்டரி போட்ட சொத்துக்கணக்கு ஏதாவது இருக்கா, பிரான்ஸ்ல ஒருத்தர் செத்தா வீட்டு சாமான நோட்டரி வந்து எழுதி வெக்கிற பழக்கம் உண்டு, அதுல "பளிங்குத் தலை ஒன்று"ன்னு ஒரு வரி இருந்தாலே பெரிய விஷயம். இத்தாலில இருந்து போயிருந்தா ஏற்றுமதி அனுமதி இருக்கா, ஏன்னா இத்தாலில 1909லயே சட்டம் வந்துடுச்சு, 1970ங்கிறது மியூசியங்கள் தங்களுக்கு போட்டுக்கிட்ட கோடுதான், இத்தாலிய சட்டத்துக்கு அந்த கோடு கிடையாது. "ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர்ல (திருடுபோன கலைப்பொருள் பட்டியல்) தேடினோம், இல்ல"ன்னு ஒரு சர்டிபிகேட் காட்டுவாங்க, அது நல்லதுதான், ஆனா அதுக்கு அர்த்தம் யாரும் திருடுபோச்சுன்னு அங்க புகார் பதிவு பண்ணலன்னு மட்டும்தான். ராத்திரில தோண்டி எடுத்த சிலைய யார் புகார் பண்ணுவா, அது மண்ணுக்குள்ள இருந்ததே யாருக்கும் தெரியாதே.

இந்த எதுவுமே இல்லாம அந்த ஒத்த வரி மட்டும்தான்னு சொன்னாங்கன்னா நான் வாங்க மாட்டேன், தெரிஞ்சவங்களையும் வாங்க விட மாட்டேன். அதுக்கு அர்த்தம் அந்த குடும்பம் திருடர்கள்னு இல்ல, நாளைக்கு ஒரு பழைய அகழாய்வு நோட்டு திறந்தா என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாத நிலைமைல அந்த தலை இருக்குன்னு அர்த்தம்.

அதோட நாலு ஃபோட்டோ கேட்டு வாங்குங்க, தலையோட பின்பக்கம், கழுத்து உடைஞ்ச இடம் நேரா கீழ இருந்து, ரெண்டு காதும் தனித்தனியா, பக்கவாட்டுல வெளிச்சம் விழுற மாதிரி. கேட்லாக்ல முன்பக்கம் மட்டும்தான் போட்டிருப்பாங்க. வந்ததும் இங்கயே போடுங்க, கொலோன் ஃபோட்டோக்கள்ல நானும் உக்காந்து தேடுறேன், இத்தாலி அகழாய்வு ரிப்போர்ட் படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் எனக்கு தெரியும், அவங்ககிட்டயும் காட்டுறேன்.